கண்ணாடித் தொட்டியில் விரிந்தது

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் என் மனைவி நெஞ்சு நோயால் படுத்த படுக்கையாக இருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று கஜா பெராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் கட்டிலருகே ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தேன். கிளேபாங் கரையிலிருந்து சைக்கிளில் டின்னில் கடல்நீர் கொண்டுவந்து மாற்றுவேன். வலையில் சிக்கிய ஒரு கல்லை மலாய் மீனவர் ஒருவர் தந்தார். தொட்டியில் போட்ட சில நாளில் அதில் பச்சை இதழ்கள் விரிந்தன.

"பூங்க அது" என்றாள்.

"இல்ல, ஏதோ பிராணி."

"பந்தயமா? போய்க் கேட்டுட்டு வாங்க. வெக்கப்பட்டுக்கிட்டுக் கரையிலேயே நிக்காதீங்க."

கேட்டேன். ஏதோ பவளம், என்ன வகை என்று தனக்கும் தெரியாது என்றார் மீனவர். இறால் துண்டு வைத்தால் பிராணி தின்னும், பூ தின்னாது என்று சொல்லி, இரண்டு இறாலும் கொடுத்தார்.

இறாலோடு வாசலில் நின்றேன். அன்று வெள்ளிக்கிழமை.

"இன்னிக்கு வீட்டுக்குள்ள கவிச்சி வேணாங்க. நாளைக்குப் பாக்கலாம். நான் எங்க ஓடிப்போறேன்?" என்று சிரித்தாள்.

விடிவதற்குள் போய்விட்டாள்.

கருமாதி முடியும்வரை வீட்டில் கவிச்சி சேர்க்கவில்லை. மறுநாள் சந்தையில் இறால் வாங்கிவந்து, கொஞ்சம் கிள்ளி இதழ்மேல் வைத்தேன். இதழ்கள் மெல்ல மடங்கி அதை உள்ளே இழுத்துக்கொண்டன. பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். அவள் இருந்திருந்தால் லேசில் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். பூகூடத்தான் மூடிக்கும் என்று வாதாடியிருப்பாள்.

அந்தப் பவளத்தின் பெயரைப் பிறகு யாரிடமும் நான் கேட்கவில்லை. கேட்டுவந்து யாரிடம் சொல்வது?