அருவிக்கரையில் ஒப்படைத்த மூட்டைகள்

விண்ணப்பப் படிவத்தில் மொத்தம் பத்தொன்பது கேள்விகள். பெயர், ஊர், படிப்பு, வேலை என்று பதினைந்து வரை குழல்வாய்மொழி மளமளவென்று நிரப்பிவிட்டாள். பதினாறாவதில் பேனா நின்றது. ‘தாங்கள் ஆராய விரும்பும் நற்பண்பு எது?’ அதற்குக்கூட எதையாவது எழுதிவிடலாம். பதினேழாவதுதான் அவளை அசையவிடாமல் உட்காரவைத்தது. ‘அப்பண்பு ஒருவரிடம் இருப்பதை எவ்வாறு அறிவீர்கள்?’

1959-ஆம் வருஷம் மே மாதம். மங்களாம்பிகை அறக்கட்டளை என்று மதராஸில் ஒன்று. மில் நடத்திப் பணம் சேர்த்த ஒரு குடும்பம் வைத்தது. நற்பண்புகளைப் பற்றி ஆராய்கிறவர்களுக்கு வருஷத்துக்கு மூன்று பேருக்கு மட்டும் உதவித்தொகை கொடுப்பதாகப் பத்திரிகையில் விளம்பரம் வந்திருந்தது. மாகாணம் முழுக்கப் போட்டி. கல்லூரிப் பேராசிரியர்கள் போடுவார்கள், டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் போடுவார்கள். தென்காசியில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குச் சரித்திரம் நடத்துகிற குழல்வாய்மொழி டீச்சர் போடுவாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவளே நினைக்கவில்லை.

அவள் பி.ஏ.வில் படித்தது தத்துவம். இலஞ்சியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போய் விடுதியில் தங்கிப் படித்தாள். அந்தப் பாடம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது. அதனால் சரித்திரம் அவள் தலையில் விழுந்தது. பதினோரு வருஷமாகப் பானிப்பட்டு யுத்தத்தை நடத்திக்கொண்டிருந்தாள். அவள் படித்த தத்துவத்தைப் பற்றி இந்தப் பதினோரு வருஷத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போதுதான் ஒரு அச்சடித்த காகிதம் கேட்கிறது.

“எந்தப் பண்புன்னு எழுதப் போறே?” என்று கேட்டார் அவள் புருஷன் பால்வண்ணநாதன். மின்சார வாரியத்தில் மீட்டர் பார்க்கிற வேலை. அத்தை மகன்தான்.

“தெரியல அத்தான். பொறுமைன்னு எழுதலாமா?”

“ஒருத்தன் பொறுமையா இருக்கானா, இல்ல சோம்பேறியான்னு எப்படிக் கண்டுபிடிப்பே?”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவளோ பொறுமையை அப்போதே அடித்துவிட்டாள்.

விடை ஜூன் மாதத்தில் கிடைத்தது. சாரல் பிடித்து, குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் குளிக்கப் போயிருந்தார்கள். குளித்துவிட்டுப் பெண்கள் பக்கத்தில் பாறையோரமாகத் தலை துவட்டிக்கொண்டிருந்தவளிடம் முன்பின் தெரியாத ஒருத்தி வந்து, “இதைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க” என்று ஒரு மூட்டையை வைத்துவிட்டு அருவிக்குள் போய்விட்டாள். அவள் திரும்புவதற்குள் இன்னொருத்தி. பிறகு ஒரு கிழவி, தன் காதில் கிடந்த பாம்படத்தைக் கழற்றி ஒரு துணியில் முடிந்து அப்படியே கையில் கொடுத்துவிட்டாள். வெளியே பால்வண்ணநாதன் முக்கால் மணி நேரம் நின்றார்.

கடைசியாக வந்தவளிடம் குழல்வாய்மொழி கேட்டாள். “இத்தனை பேர் இருக்காங்க. எங்கிட்ட ஏன் குடுத்தீய?”

அவள் யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “நீங்க கண்ணாடி போட்டிருந்தீய. கண்ணாடி போட்டவ பாறையில ஓட முடியுமா?”

வீடு வந்ததும் பதினாறாவது கேள்விக்கு எதிரே ‘ஒப்படைத்ததைக் காத்தல்’ என்று எழுதினாள். அதன் பிறகு சனிக்கிழமைதோறும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பஸ் ஏறினாள். யார் யாரிடம் கொடுக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதினாள். நகை போட்டவர்களிடம் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தாள், அப்படியில்லை. குளித்து முடித்தவர்கள், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள், கால் நீட்டி உட்கார்ந்திருப்பவர்கள், இவர்களாகத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். சீக்கிரம் எழுந்துபோகாத ஆள்தான் அவர்களுக்கு நல்ல ஆள்.

பதினேழாவது கேள்வி அப்படியே கிடந்தது. பார்த்தால் போதாது, சோதித்துத்தான் அறிய முடியும் என்று தோன்றியது. தன் சேலை ஒன்றில் பால்வண்ணநாதனின் கைக்கடிகாரத்தை வெளியே தெரிகிற மாதிரி முடிந்து, தெரியாத ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, அருவியில் தலையை நனைத்துக்கொண்டு, கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்று கவனித்தாள். ஒரு முறை இருபது நிமிஷம், ஒரு முறை அரை மணி நேரம். பதினோரு பேரிடம் கொடுத்தாள். கடிகாரம் பதினோரு முறையும் திரும்பி வந்தது.

பன்னிரண்டாவது ஆள் ஹாஜரா பீவி. கடையநல்லூரில் நெசவு செய்கிற மைதீனின் மனைவி, நாற்பத்தைந்து வயசிருக்கும். நாத்தனார் குடும்பத்தோடு வந்தவர், குளிருக்குப் பயந்து குளிக்காமல் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் குழல்வாய்மொழிக்கு ஜலதோஷம். தலையை நனைக்கவில்லை. ஒரு மணி நேரம் பார்த்துவிடுவது என்று தீர்மானித்து ஒதுங்கி நின்றாள்.

நாத்தனார் குடும்பம் குளித்துவிட்டு வந்தது. கூப்பிட்டார்கள். ஹாஜரா பீவி மூட்டையைக் காட்டி ஏதோ சொன்னார். அவர்கள் போனார்கள், ஒரு பெண் திரும்பி வந்து கையைப் பிடித்து இழுத்தாள், அவர் தலையசைத்தார். நாலு மணி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு கிளம்பிப் போன சத்தம் கேட்டது. அப்போதுதான் குழல்வாய்மொழிக்கு உறைத்தது. ஓடி வந்தாள்.

ஹாஜரா பீவி மூட்டையைக் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவள் தலையைப் பார்த்தார்.

“நீங்க குளிக்கவே இல்லையே.”

குழல்வாய்மொழிக்குச் சட்டென்று பொய் வரவில்லை. நோட்டுப் புத்தகம், அறக்கட்டளை, பதினேழாவது கேள்வி எல்லாவற்றையும் சொன்னாள். ஹாஜரா பீவி குரலை உயர்த்தவில்லை.

“எங்க ஆளுவ பஸ்ஸில போயிட்டாக. நான் உங்க மூட்டையோட இங்கன நிக்கேன். நீங்க அங்கன நின்னு வேடிக்கை பாத்திருக்கீய.”

“தப்புதான் அக்கா.”

“என்னைய நல்லவன்னு எழுதுவீயளோ?”

“எழுதுவேன்.”

“ரெண்டு தரம் மூட்டையைப் போட்டுட்டுப் போயிருவோமான்னு நெனச்சேன். அது உங்களுக்கு அங்கன நின்னு தெரிஞ்சுதா?”

தெரியவில்லை என்று குழல்வாய்மொழி ஒப்புக்கொண்டாள். “பெறகு ஏன் போகல?”

“அதைத்தான் நானும் யோசிக்கேன்” என்றார் ஹாஜரா பீவி. கோபம் இருந்த இடத்தில் இப்போது வேறு ஏதோ வந்திருந்தது. “எதுக்கு நின்னேன்னு எனக்கே வெளங்கல. அதுவும் மொகம்கூட சரியா ஞாபகமில்லாத ஒருத்திக்காக.”

தென்காசிக்கு வந்து, அங்கிருந்து அடுத்த பஸ்ஸில் கடையநல்லூருக்குக் குழல்வாய்மொழியும் கூடவே போனாள். பஸ்ஸைத் தவறவிட்ட காரணத்தை அவள்தானே வீட்டில் சொல்ல வேண்டும். தறியை நிறுத்திவிட்டு மைதீன் எல்லாவற்றையும் கேட்டார். “இதுக்கெல்லாம் பணம் குடுக்காங்களா?” என்று மட்டும் கேட்டார். டீ வந்தது, குடித்தாள்.

ஆகஸ்ட் முடிவதற்குள் விண்ணப்பம் போக வேண்டும். தலைமை ஆசிரியை முத்துவடிவு கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். படித்துவிட்டு ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். ஹாஜரா பீவி கண்டுபிடித்த கதை அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

“இதை எடுத்திருங்க டீச்சர். வேலைக்கு மனுப் போடுதவ தன் தப்பையும் சேத்து எழுதுவாளா?”

நியாயமாகத்தான் பட்டது. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, ‘பன்னிரண்டு சோதனைகள், பன்னிரண்டிலும் பொருள் பத்திரமாகத் திரும்பியது’ என்று ஒரு வரி சேர்த்தாள். அதுவும் உண்மைதான்.

நேர்காணலுக்கு நவம்பரில் கடிதம் வந்தது. நாற்பது பேரில் ஒன்பது பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். பால்வண்ணநாதன் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். மயிலாப்பூரில் ஒரு பெரிய வீட்டு மாடியில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அருவிக்கரை என்றதும் சிரித்தார்கள், பிறகு ஆர்வமாகக் கேட்டார்கள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஓரத்தில் இருந்த ஒரு வழுக்கைத்தலைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

“சோதிக்கப்பட்டவர்களில் யாருக்காவது அது சோதனை என்று தெரியவந்ததா?”

“ஒருவருக்குத் தெரிந்தது.”

“விண்ணப்பத்தில் இல்லையே.”

“இருந்தது. எடுத்துவிட்டேன்.”

“ஏன்?”

“கிடைக்காமல் போய்விடுமோ என்று.”

ஒருவரும் சிரிக்கவில்லை. நாலு பேரும் எதையோ குறித்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே முடிவைச் சொன்னார்கள், அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஊர் திரும்பும் ரயிலில் அவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டே வந்தாள். பால்வண்ணநாதன் எட்டிப் பார்த்தார். தன் பெயரையே ஒரு பதிவாகப் போட்டிருந்தாள். என்ன ஒப்படைக்கப்பட்டது, யார் ஒப்படைத்தது, எந்த இடத்தில் நழுவியது, கேட்டதும் ஏன் உண்மை வந்தது என்று. கடைசிக் கேள்விக்கு எதிரே ‘தெரியவில்லை’ என்று இருந்தது.

“வருத்தமா இருக்கா?” என்றார்.

“இருக்கு அத்தான். ஆனா அவங்க கேக்கலைன்னா நான் சொல்லியிருக்கவே மாட்டேனே. அது எப்படின்னு பாக்கேன்.”

ஜனவரியில் ஒரு நாள் கடையநல்லூருக்குப் போய் ஹாஜரா பீவியிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மறைஞ்சு நின்னு பாக்குததை விட்டுருங்க. கேட்டா ஆளுவ சொல்லுவாக. நான் உங்ககிட்ட சொல்லலையா?” என்றார். பிறகு, “சீசனுக்கு நானும் வருதேன். டீச்சர்னு தெரிஞ்சா உங்ககிட்ட நல்லதா மட்டும் சொல்லுவாக. எங்கிட்ட மத்ததையும் சொல்லுவாக” என்றார்.

அப்படித்தான் நடந்தது. 1960 சீசனில் பதினோரு சனிக்கிழமை இருவரும் போனார்கள். மூட்டையைத் திருப்பிக் கொடுத்து முடித்தவர்களிடம் போய், யார், என்ன என்று மறைக்காமல் சொல்லிவிட்டுக் கேட்டார்கள். ஹாஜரா பீவிக்குப் பேச்சுக் கொடுக்கிற வித்தை தெரிந்திருந்தது. ‘மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு தொட்டுப் பாத்தேன்’ என்று ஒன்பது பேர் சொன்னார்கள். ஒருத்தி முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்த சேலை நல்லாயிருக்கவும் மேலே போட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைத்திருக்கிறாள். இன்னொருத்திக்கு வீட்டில் தன் சொந்தச் சாமானையே பத்திரமாக வைக்கத் தெரியாது என்று கூட வந்த மாமியார் சொன்னார். ஏன் காத்தீர்கள் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள். “கேட்டுட்டாங்கள்ல.”

இரண்டாம் விண்ணப்பத்தில் முத்துவடிவு விரலை வைக்க வேண்டிய பக்கங்கள் நிறைய இருந்தன. தன் பெயரில் இருந்த பதிவையும் சேர்த்திருந்தாள். தலைமை ஆசிரியை முழுக்கப் படித்தார். விரலை எங்கும் வைக்காமல் கையெழுத்துப் போட்டார். விண்ணப்பதாரர் பெயர் எழுத ஒரே கோடுதான் இருந்தது. அதில் இரண்டு பெயரையும் நெருக்கி எழுதினாள். பட்டம் இல்லாதவர் விண்ணப்பதாரராக இருக்க முடியாது, உதவியாளர் என்று போட்டுக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது ஹாஜரா பீவி, “போட்டுக்கிடுங்க. யாருக்கு யார் உதவின்னு நமக்குத் தெரியும்” என்றார்.

1961 ஏப்ரலில் உதவித்தொகை கிடைத்தது. மூன்று பேரில் மூன்றாவது பெயர். மற்ற இருவரும் பேராசிரியர்கள். குழல்வாய்மொழி ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவு போட்டாள். அவள் இடத்துக்கு வந்த சின்ன டீச்சர் பானிப்பட்டு யுத்தத்தை மூன்றே நாளில் முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டுச் சிரித்தாள்.

அறிக்கை எண்பத்துநாலு பக்கம் வந்தது. பொருளை ஒப்படைக்கும் செயலே, வாங்கிக்கொண்டவரை நம்பகமானவராக ஆக்குகிறது என்பது அவள் முடிவு. அனுப்புவதற்கு முன்னால் கடையநல்லூர் வீட்டில் உட்கார்ந்து முழுவதையும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். தறிச் சத்தம் நடுநடுவே நின்று நின்று கேட்டது. மைதீனும் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் சரி. கடைசிதான் சரியில்ல” என்றார் ஹாஜரா பீவி.

“ஏன்க்கா?”

“நாம மூட்டை வாங்கினவங்ககிட்ட மட்டுந்தானே கேட்டோம். யாரும் கேக்காமலே பாத்துக்கிடுதவ ஒருத்தி இருந்தா? அவளை யாரு ஆக்கினா?”

குழல்வாய்மொழி நோட்டுகளைப் புரட்டினாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் அப்படி ஒருவர்கூட இல்லை. இல்லாமல் போனதற்குக் காரணமும் புரிந்தது. அப்படிப்பட்டவர்கள் கையில் யாரும் மூட்டை கொடுத்திருக்க மாட்டார்கள், திருப்பிக் கொடுக்கவும் ஒன்றும் இருந்திருக்காது, அதனால் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள். முடிவை அவள் மாற்றவில்லை. அதற்கு அடுத்து ஒரு பக்கம் சேர்த்து, ‘உதவியாளரின் மறுப்பு’ என்று தலைப்பிட்டு ஹாஜரா பீவி சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதினாள். கீழே அவர் கையெழுத்துப் போட்டார். அறிக்கை கிடைத்தது என்று அறக்கட்டளை இரண்டு வரி எழுதியது. அச்சிடுவதைப் பற்றி ஒன்றும் இல்லை.

1962 ஜூனில் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. உதவித்தொகையும் முடிந்திருந்தது. முதல் சனிக்கிழமை இருவரும் ஐந்தருவிக்குப் போனார்கள். நோட்டுப் புத்தகம் தன் காசில் வாங்கியது. மூட்டை கைமாறுகிற இடத்தை விட்டுவிட்டு, ஆளில்லாமல் கிடக்கிற துணிகளைத் தேடினார்கள். மத்தியானம் வரை ஒன்றும் தட்டுப்படவில்லை. சாரல் கொஞ்சம் வலுத்தபோது ஒரு பெண் குனிந்து குனிந்து எதையோ செய்துகொண்டிருந்ததை ஹாஜரா பீவிதான் பார்த்தார். திறந்த பாறையில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாறை இடுக்கில் நனையாமல் அடுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் பக்கத்தில் போனார்கள்.

“யார் துணி இது?” என்றாள் குழல்வாய்மொழி.

“தெரியலயே” என்றாள் அந்தப் பெண், கையிலிருந்த சட்டையை உதறி மடித்தபடி.

ஹாஜரா பீவி துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “நாங்க யாருன்னு மொதல்ல சொல்லிருதேன்” என்று ஆரம்பித்தார்.