பழவேற்காட்டு மணலில் மூன்று குழிகள்

கம்பெனி பஸ்ஸில், பாதித் தூக்கத்தில் போன் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது தோன்றியது. திரையில் ஏதோ ஒரு தேசத்துக் கடலோரம். மணல்மேடு, முடி மாதிரி அலையும் புல், காற்று. அதில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடல் விட்டுப்போன நிலத்தை அப்படியே ஆடுகளமாக்கியிருந்தார்கள். பக்கத்துச் சீட்டில் இருந்த நண்பனை உலுக்கினேன். கும்மிடிப்பூண்டியில் என்னோடு ஒரே லைனில் வேலை செய்பவன்; பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்துக்காரன்.

“டேய், இது உங்க ஊருடா!”

“அவனுங்க ஸ்வெட்டர் போட்டுக்கினு கீறானுங்க, எங்க ஊருன்றே. தூங்குடா.”

ஞாயிறு காலை, பழைய சாமான் கடையில் வாங்கிய ஒற்றை கோல்ஃப் மட்டையோடும் ஒரு பந்தோடும் அவன் வீட்டு வாசலில் நின்றேன். ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலிருக்கும் மணலில் பந்து விழுகிற குழிகளாக மூன்று பெயின்ட் டப்பாக்களைப் புதைத்தோம். கடலில் வலை போட்ட இடம் தெரிவதற்காக மிதக்கவிடும் கறுப்புக் கொடிகளை அவன் அத்தையிடம் வாங்கி, குழிக்கு ஒன்றாக நட்டோம்.

“அங்க வலை காயுது,” என்றார் அத்தை. “அதுக்கு எதுனா ஆச்சு, கொடியைப் புடுங்கிக்கினு போயிடுவேன். அப்புறம் இந்தப் பக்கமே வரக்கூடாது, இன்னா?”

பிறகு நடந்ததெல்லாம் விழித்துக்கொண்டே கண்ட கனவு. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெளிச்சம். அடித்த பந்து அந்த வெளுப்பில் கரைந்துபோகும். தேடிப் போனால் அடும்புக்கொடிக்குள், ஊதாப் பூவுக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும். முதல் குழி முடிந்தது, இரண்டாவதும். மூன்றாவதில் கடற்காற்று பந்தைத் தூக்கிப்போய்க் காய்கிற வலையின் நடுவில் வைத்தது.

பதறி ஓடினேன். வலைமேல் ஏறிப் பந்தை எடுக்கக் குனிந்தேன்.

“டேய்! ஷூ காலோட வலையை மிதிக்கிறியா? சோறு போடறதுடா அது!” அத்தைதான்.

“அவனுக்குத் தெரியாது அத்தே, வுடு,” என்ற நண்பன் என் பக்கம் திரும்பினான். “கழட்டுடா மொதல்ல, பேஜாரு பண்ணாத.”

ஷூவைக் கையில் பிடித்தபடி நின்றேன். இனி இந்த மணல் இல்லை என்று தோன்றியது. அத்தை வலையைத் தொட்டுக் கும்பிட்டார். கண்ணிகளை விரலால் தடவிப் பார்த்தார். நேராகப் போய் மூன்றாவது கொடியைப் பிடுங்கினார். தோளில் சாய்த்துக்கொண்டு கடலை நோக்கி நடந்து, வலைகளை விட்டு வெகுதூரத்தில், அலை எட்டாத இடத்தில் அதைக் குத்தி நட்டார்.

“இனிமே அங்க அடி. வெறுங்காலோட வா. இன்னிக்குப் போதும், போய் நாஷ்டா துன்னுங்க.”

இடம் மாறிய கொடிக்குக் கடற்காற்றை நேர் எதிர்த்து அடிக்க வேண்டும். உயர அடித்தால் பந்து என்னிடமே திரும்பிவிடும். அடுத்த ஞாயிறு, மணலை ஒட்டியே ஓடுகிற மாதிரி அடித்துப் பார்க்கப்போகிறேன்.