எலிகள் அமைதியாக இருந்தன

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘வேண்டாமக்கா’ என்று பெயர். கூட்டத்தில் யார் எந்த மூலக்கூறைக் கொண்டுவந்து வைத்தாலும் முகத்தைச் சுளித்து, “வேண்டாம்” என்பாள். பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல் பூரித்து நிற்பவர்களிடம் அப்படிச் சொல்வதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். அது அவளிடம் தாராளமாக இருந்தது.

அவள் வேலை மூளைக்கு மருந்து வடிவமைப்பது. மூளைச் செல்களின் மேல் ஏற்பிகள் என்று விதவிதமான கதவுகள் உண்டு. பழைய மாத்திரைகள் போன வீட்டுக் கதவை மட்டும் தட்டிவிட்டுத் திரும்பும் ரகமில்லை. தெரு முழுக்கத் தட்டி, ஒரு வீட்டில் தூக்கம், ஒரு வீட்டில் அகோரப் பசி, ஒரு வீட்டில் கைநடுக்கம் என்று வைத்துவிட்டுப் போகும். அந்த அடாவடிக்குப் பக்கவிளைவு என்று மரியாதையான பெயர். ஒரே கதவைத் தட்டிவிட்டு ஒழுங்காக வீடு திரும்பும் மருந்தைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

ஊருக்காகத் தேடினாள் என்று சொன்னால் அது பச்சைப் பொய். தம்பிக்காகத் தேடினாள். அவன் முடிதிருத்துபவன். காதுக்குள் யாரோ ஓயாமல் திட்டுகிறார்கள் என்றான். மாத்திரை அந்தக் குரலை அடக்கியது, கூடவே பிழைப்பையும் அடக்கியது. நடுங்கும் கையில் சவரக்கத்தியோடு நிற்பவனிடம் கழுத்தை நீட்ட யாருக்கு என்ன தலையெழுத்து? தொந்தி விழுந்தது. பகலெல்லாம் தூங்கினான்.

இப்போது மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக் கழுவுதொட்டியில் துப்புகிறான். சல்லடையில் கிடந்ததை அவள்தான் பார்த்தாள்.

“உன் மருந்து வரட்டும்க்கா, முழுங்கறேன். இந்தச் சனியன் இனி வேணாம்.”

போன தடவை நிறுத்தியபோது மொட்டைமாடி விளிம்பிலிருந்து அவனை இறக்க வேண்டியிருந்தது. 

இந்த நேரத்தில்தான் அவளுடைய நாற்பத்தொன்றாவது மூலக்கூறு ஜெயித்தது. தலைதெறிக்க ஓடும்படி ஊசி போட்டுக் கிளப்பிவிடப்பட்ட எலிகள் அதைக் கொடுத்ததும் அடங்கின. முன்கால்களைக் கம்பியில் தூக்கி வைத்தால், பழைய மருந்து தின்ற எலி அப்படியே மரக்கட்டையாக நிற்கும். இவை உடனே இறங்கிக்கொண்டன. எலிகளைப் பார்த்துக்கொள்பவர் அறிக்கையில் ‘அமைதி’ என்று எழுதினார். ஆய்வுக்கூடத் தலைவர் கேக் வாங்கி வந்தார்.

கேக் தொண்டையில் இறங்குவதற்குள் அவள் எலியறைக்குப் போனாள். கூண்டுக்குள் ஒரு புது அட்டைக்குழாயைப் போட்டாள். புதிதாக எது விழுந்தாலும் முகர்ந்து பார்க்காத எலி உலகத்தில் கிடையாது. ஒன்றுகூட மூக்கை நீட்டவில்லை. மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

“பாருங்க மேடம், எவ்வளவு அமைதி” என்றார் எலிகளைப் பார்த்துக்கொள்பவர்.

“தூங்குதுங்க சார்.”

மற்ற ஏற்பிகளில் சோதிப்பதை அவசரத்தில் தள்ளிப்போட்டிருந்தார்கள். சோதித்தபோது குட்டு உடைந்தது. விழிப்பைக் காக்கும் ஏற்பியையும் நாற்பத்தொன்று விடாப்பிடியாகப் பிடித்திருந்தது.

“கொஞ்சம் தூக்கம்தானே?” என்றார் தலைவர். “பேஷண்ட் அமைதியா இருப்பான், வீட்ல உள்ளவங்களுக்கும் நிம்மதி. மேல போகலாம்.”

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தம்பிக்குக் காட்ட ஒரு நம்பிக்கையாவது மிஞ்சும். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த ஒரு சொல் அவள் வாயில் வர மறுத்தது. கை நடுங்காது, சரி. கத்தரிக்கோலைப் பிடித்தபடியே தூங்கி விழுவானே. தன் பிள்ளைக்குத் தானே, “வேண்டாம் சார்” என்றாள். 

வீட்டில் தம்பியிடம் மறைக்கவில்லை.

“என் மருந்து அவ்வளவுதான்டா. எலிங்க அமைதியா இல்ல, தூங்கி வழியுதுங்க. நான்தான் வேணாம்னுட்டேன். இன்னொண்ணு வர வருஷக்கணக்காகும். வராமலும் போகலாம். அதுவரைக்கும் பழசைத் துப்பாதடா, பயமா இருக்கு.”

அவன் தொந்தி குலுங்கச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

“கொடுத்து வச்ச எலிங்கக்கா. அதுங்க தூங்குதுன்னு சொல்ல ஒருத்தி இருக்கா. எனக்கு யாரு சொன்னா?”

 இத்தனை வருடமும் மருத்துவர் முன்னால் தம்பி கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, “இப்ப அமைதியா இருக்கான் டாக்டர்” என்று அவனுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

அந்த வாரமே அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். மருத்துவர் வழக்கம்போல் அவளைப் பார்த்து, “எப்படி இருக்கார்?” என்று கேட்டார்.

அவள் நாற்காலியைத் தம்பியின் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டாள்.  தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தான்.