தளவானூர்க் கைதட்டு

அறுபதுகளில் செஞ்சியில் பட்டிமன்றம் என்றால் கடைவீதியையே அடைத்துப் பந்தல் போட்டுவிடுவார்கள். பேசுகிறவனுக்கு விஷயம் தெரிகிறதோ இல்லையோ, கைதட்ட ஆள் வேண்டும். ஆளுக்கொரு கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு வருவது அன்றைய வழக்கம். யாரும் அதை ஒளித்துச் செய்யவில்லை, தப்பாகவும் நினைக்கவில்லை.

எனக்குப் பேச்சு என்றால் உயிர். எங்கள் மளிகைக்கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டே உலகப் போரை அலசுவேன். துவரம்பருப்பு கேட்டவருக்கு உளுந்தைக் கட்டிக் கொடுத்த அன்று நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பொறுமை போய்விட்டது. வருகிற பட்டிமன்றத்தில் ஜெயித்தால் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்ப் பேசிக்கொள்ளலாம், தோற்றால் மேடையை மறந்துவிட்டுக் கல்லாவில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார். நைனா சொன்னால் சொன்னதுதான்.

உலகப் போரில் பிரிட்டன் வென்றது சொந்தத் துணிவாலா, துணைக்கு வந்த நாடுகளாலா என்பது தலைப்பு. துணிவின் பக்கம் ஊரின் பெரிய வக்கீல், துணையின் பக்கம் நான். வக்கீலுக்குக் கைதட்டக் கோர்ட்டு வாசலே வரும். எனக்கு யார் வருவார்கள்? தளவானூரில் வேர்க்கடலை பயிர் போட்டிருந்த என் மனைவியின் அண்ணனிடம் போய் நின்றேன். ஊரையே பஸ் ஏற்றி வருவதாக வாக்குக் கொடுத்த மச்சானுக்கு ஒரே ஒரு கவலைதான்.

"நீ பேசுறது எங்களுக்கு இன்னா புரியப்போவுது மாப்ள? எப்ப தட்டணும்னு மட்டும் சொல்லிடு."

நான் பெரிய புத்திசாலி என்று எனக்கு நினைப்பு. முதலில் பேசப்போகிறவன் நான். ஒவ்வொரு நல்ல கருத்துக்கும் பிறகு கோலி சோடா கேட்பேன். மைக் பக்கத்தில் உடைத்தால் வீதி முழுக்கக் கேட்கும். பேச்சைக் கவனிக்கவே வேண்டாம், அந்தச் சத்தம் கேட்டதும் தட்ட வேண்டியது, அவ்வளவுதான்.

அன்றைக்கு நடுவராக வந்த தலைமையாசிரியர், வயதில் மூத்தவர் முதலில் பேசட்டும் என்று வக்கீலை எழுப்பிவிட்டார். தளவானூர்க்காரர்கள் கூட்டத்தின் கடைசியில், பந்தல் காலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து மேடை தெரியாது. நான் இறங்கிப் போய்ச் சொல்லவும் வழியில்லை. வக்கீலுக்கோ தொண்டை வறளும் உடம்பு. குண்டு விழுந்த மறுநாளும் லண்டன்காரன் வேலைக்குப் போனான் என்று சொல்லிவிட்டுச் சோடா கேட்டார். கோலி இறங்கிய சத்தம் கேட்டதுதான் தாமதம், தளவானூர் கைதட்டிப் பந்தலை அதிரவைத்தது.

வக்கீல் முதலில் மிரண்டார், பிறகு ருசி கண்டுவிட்டார். நம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையைப் போலத் தனியாக நிமிர்ந்து நின்றது பிரிட்டன் என்றார். சோடா. அடுத்த வாக்கியம், அதற்கும் சோடா. அவர் முடித்தபோது பெட்டியில் ஒரு சோடாகூட மிச்சமில்லை. முன்வரிசையில் நைனா கல்லாச் சாவியை எடுத்து விரலில் சுற்றத் தொடங்கியிருந்தார்.

நான் எழுந்தேன். அமெரிக்கக் கப்பலில் வந்த கோதுமையையும் டாங்கியையும் சொன்னேன். ரஷ்யாக்காரன் பனியில் நின்று வாங்கிய அடியைச் சொன்னேன். பர்மாவிலும் ஆப்பிரிக்காவிலும் நம் ஆட்கள் சிந்திய ரத்தத்தைச் சொன்னேன். ராஜகிரி தனியாக நிற்கிறதென்றால் கோட்டையின் மூன்று மலையையும் சேர்த்து மதில் கட்டியவன் முட்டாளா என்று கேட்டேன். எல்லாம் நல்ல கருத்துகள்தான். சோடாதான் இல்லை. மச்சான் என் குரல் கேட்டதும் எழுந்து பந்தல் காலுக்கு வெளியே வந்து நின்றிருந்தார். இரண்டு கையையும் தட்டுவதற்குத் தயாராக விரித்து வைத்துக்கொண்டு, சத்தம் வருமா என்று பார்த்தபடி இருந்தார். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"வக்கீல் ஐயாவுக்கு இதுவரைக்கும் விழுந்த கைதட்டு பூரா தளவானூர்க் கைதட்டு" என்றேன். "அவங்க எனக்காக பஸ் ஏறி வந்தவங்க. சோடா சத்தத்துல பக்கம் மாறிட்டாங்க. சொந்தத் துணிவுதான் பெரிசுன்னு பேசின ஐயாவே என் துணைப்படையை வெச்சுதான் இவ்வளவு தூரம் வந்திருக்காரு."

வீதியே சிரித்தது. முதலில் மேசையைத் தட்டிச் சிரித்தவர் வக்கீல்தான், அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. சோடா இல்லாமலே தளவானூர் கைதட்டியது. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு துணையே வென்றது என்று தீர்ப்புச் சொன்னார்.

நைனா முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். கடை வாசலில் நின்று திரும்பினார்.

"நீ எங்கடா ஜெயிச்ச? உன் மச்சானும் அவன் ஆளுங்களும் இல்ல ஜெயிச்சிக் குடுத்தாங்க."

"அதத்தான் நைனா மேடையில சொன்னேன்."

நைனா கல்லாச் சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டார்.

"அப்ப எந்த ஊருக்குப் பேசப் போனாலும் அவன இட்டுக்கினு போ."