இரண்டு மணிக்கு இங்கே இருப்பேன்

அந்த வருட ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகள் வாசிக்க வேண்டிய புத்தகங்கள் என்று எங்கள் வாசிகசாலைத் தலைவர் ஒரு பட்டியல் போட்டார். பத்துப் புத்தகம், பத்தும் நல்லொழுக்கம். பெரியோரைக் கண்டால் எழுந்து நிற்பது, பொய் சொல்லாதிருப்பது, நேரத்துக்குப் பல் தீட்டுவது. எனக்குப் பதின்மூன்று வயது. அறிவித்தல் பலகையில் அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. சண்டையால் மின்சாரமும் இல்லை, வானொலிக்குப் பற்றரியும் இல்லை என்றிருந்த ஊரில் ஒரு மாத விடுமுறையைப் பல் தீட்டுவது பற்றி வாசித்தா கழிப்பது?

நீர்வேலியில் எங்கள் வாசிகசாலை வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. ஒரே அறை, இரண்டு அலுமாரி, உட்கார நாலைந்து வாங்கு. மத்தியானத்தில் அங்கே யாரும் வருவதில்லை. தோட்டக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுச் சரிந்திருப்பார்கள். சோளகக் காற்றில் வாழையிலைகள் கிழிபடும் சத்தம் மட்டும், யாரோ கொப்பித் தாளை ஒவ்வொன்றாகக் கிழிப்பதுபோல, யன்னலுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருக்கும். பூட்டின் திறப்பு கதவு நிலைக்கு மேலே இருப்பது ஊருக்கே தெரியும். நான் தனியே போய் அலுமாரியைக் கிளறுவேன்.

அப்படிக் கிளறியபோதுதான் கீழ்த்தட்டில், நான் முன்பு பெயர் பதிந்து எடுத்த ஒரு பிரயாணப் புத்தகத்துக்குள் மடித்த தாள் அகப்பட்டது. மேலே, ‘விடுமுறையில் வாசிக்க’ என்று இருந்தது. பெயர் இல்லை. ஆனால் அந்தக் குண்டு குண்டான, வலப்பக்கம் சற்றுச் சாய்ந்த எழுத்தை அறியாதவர் எங்கள் ஊரில் இல்லை. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சந்து முடியும் இடத்தில் இருந்த வீட்டு மாமியின் மகனுடைய கையெழுத்து. வாசிகசாலையை முன்பு அவர்தான் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு ஓகஸ்ட்டும் பிள்ளைகளுக்குப் பட்டியல் எழுதி ஒட்டுவார். மூன்று வருடத்துக்கு முன் நீரேரியைக் கடக்கப் படகேறினார். போய்ச் சேர்ந்தார் என்றும் சேதி இல்லை, சேரவில்லை என்றும் சேதி இல்லை.

அவருடைய பட்டியல் பட்டியல் மாதிரியே இருக்காது. ‘நீல மட்டைக் கப்பல் கதை. பன்னிரண்டு வயதுக்கு மேல். விளக்கில் வாசிக்க வேண்டாம், நிறுத்த மாட்டீர்கள், மண்ணெண்ணெய் முடிந்துவிடும்.’ ‘கிணற்றடிக் கொலை. பதினாலு வயது. கொலைகாரன் யாரென்று தம்பி தங்கைக்குச் சொல்பவரோடு நான் கதைக்க மாட்டேன்.’ இப்படி எட்டுப் புத்தகம். கடைசியில் ஒரு வரி: ‘வாசித்து முடித்தவர்கள் எனக்கு வந்து கதையைச் சொல்ல வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு இங்கே இருப்பேன்.’

இதைப் பலகையில் ஒட்டினால் எப்படியிருக்கும் என்று தோன்றியது. தாளோ பூச்சி அரித்து, மடிப்பில் இற்றுப்போயிருந்தது. என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி. ஆகவே கொப்பியின் நடுத்தாளைக் கழற்றி, மேலே காபன் தாளை வைத்து, அதன்மேல் அவருடைய தாளை விரித்து, மை முடிந்த பேனையால் எழுத்தெழுத்தாக அழுத்தி வரைந்தேன். பிறகு நீல மை ஊற்றிய பேனையால் மேலே எழுதினேன். இரண்டாவது வரிக்குப் பிறகு என் கை தானாகவே போகத் தொடங்கிற்று. அடுத்த எழுத்து எங்கே சாயும் என்று பார்க்காமலே தெரிந்தது. ஒருதரம் கையை எடுக்க நினைத்தேன், வரி முடியும்வரை எடுக்க வரவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று சரிபார்ப்பதாக உணர்ந்து திரும்பினேன். வெறும் வாங்குகள். எழுதி முடித்ததும் பழைய தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தலைவருடைய பட்டியலின்மேல் புதியதை ஒட்டினேன். கடைசி வரியையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தேன். யோசிக்கவில்லை. யோசிக்காமல் ஒன்றைச் செய்வதில் நான் பெயர் போனவள்.

ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தேன், ஒன்றுமே விழவில்லை. பின்னேரம் பேப்பர் வாசிக்க வந்தவர்கள் பலகைக்கு முன் நின்றார்கள். கொப்பித் தாள் புதிது, மை புதிது. ஒருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தலைவர் வாசித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போய்விட்டார். தன் பட்டியலை மறைத்தது யார் என்று அவர் கேட்கவே இல்லை.

அந்த நாட்களில் இயக்கத்துக்குப் போன பிள்ளைகள் சிலர் சொல்லாமல் வந்து போவார்கள். பின்வளவால் வந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, தாயைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அயலில் கண்டவர்கள் காணாத மாதிரி இருப்பார்கள். யார் வந்தது என்று கேட்பதில்லை, கேட்டால் யாருக்கு என்ன வரும் என்று தெரியாது. அவரும் அப்படி வந்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்து, அந்த மரியாதையை ஊர் என் தாளுக்கும் செய்தது. யார் ஒட்டியது என்று ஒரு வாய் கேட்டிருந்தால் நான் அன்றைக்கே உளறியிருப்பேன்.

மாமி மூன்று வருடம் மாட்டேன் என்று நின்று, அந்த மாதம்தான் மகனுக்குக் காரியம் செய்யச் சம்மதித்திருந்தார். உடம்பு இல்லாதபடியால் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து எரிப்பதற்கு ஐயரிடம் நாள் கேட்டாயிற்று. முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு, இறந்தவரின் வாழ்க்கையைப் பாட்டில் சொல்லும் அந்தச் சின்னப் புத்தகம், அச்சகத்துக்குப் போயிருந்தது. மாமி நெடுநாளைக்குப் பிறகு தலை வாரி, கோயிலுக்குப் போகத் தொடங்கியிருந்தார். பட்டியல் ஒட்டிய மறுநாள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அன்று மத்தியானம் அவர் வாசிகசாலைக்கு வந்தார். வீட்டிலிருந்து மகன் உட்காரும் பிரம்புக் கதிரையைத் தலையில் சுமந்து வந்து, பலகைக்குக் கீழே போட்டு, சேலைத் தலைப்பால் துடைத்தார். தான் எதிரே தரையில் இருந்தார். சரியாக இரண்டு மணி. நாளாந்தம் இப்படித்தான். புத்தகம் முடித்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். மாமி கையைக் காட்ட, அவர்கள் அந்த வெறுங்கதிரைக்கு முன் நின்று கதையைச் சொன்னார்கள். சின்னதுகள் சிரிக்கும் என்று பார்த்தேன், ஒன்றும் சிரிக்கவில்லை. பாதியில் நிறுத்தி, தலையாட்டி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் சொன்ன ஒரு சிறுமியை இப்போதும் நினைத்தால் எனக்கு மயிர் கூச்செறியும்.

ஒன்பதாம் நாள் மாமி என்னைப் பார்த்தார். நான் கப்பல் கதையைச் சொல்லத் தொடங்கினேன். கப்பல் மூழ்கும் இடத்துக்கு ஓடப் பார்த்தேன்.

“ஆறுதலாச் சொல்லு பிள்ளை. ஓடி ஓடிச் சொன்னால் அவனுக்குப் பிடியாது.”

ஆறுதலாகச் சொன்னேன். காற்று விழுந்து வாழைகள் சத்தமில்லாமல் நின்றன. கப்பலில் தப்பியவர் எத்தனை பேர் என்ற இடம் வந்ததும் கதிரையின் பிரம்பு ‘கிரிக்’ என்றது. வெயிலுக்குப் பிரம்பு அப்படிச் சத்தம் போடும். எனக்குத் தெரியும். இருந்தும் அந்த எண்ணிக்கையை நான் கதிரையைப் பார்த்தே சொன்னேன்.

பத்தாம் நாள் மாமியின் மகள் என்னைத் தேடி வந்தார். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிற அக்கா. தாயின் பிடிவாதத்தோடு மூன்று வருடம் மல்லுக்கட்டிக் களைத்தவர். கையில், அலுமாரியில் தேடி எடுத்த அந்தப் பிரயாணப் புத்தகமும் பழைய தாளும், பலகையிலிருந்து கழற்றிய என் தாளும். பழைய தாளின் ஒவ்வொரு எழுத்திலும் என் பேனை உழுத கோடு ஆழமாகக் கிடந்தது. புத்தகத்தின் பின்மட்டையில் கடைசியாக எடுத்தவர் என்று என் பெயர்.

“அம்மா அண்ணைக்கெண்டு சாப்பாட்டைப் போட்டு மூடி வைச்சிட்டு அரைப்பட்டினி கிடக்கிறா. இரவிலை வாசல் படலை பூட்ட விடுறா இல்லை. நீயே வந்து சொல்லு. நான் சொன்னால் நம்பமாட்டா.”

எனக்குப் பயம், பயத்தைவிட வெட்கம். அக்காவின் பின்னால் போனேன். மாமி குசினி வாசலில் இருந்தார். ஒரு சோற்றுக் கோப்பையை இன்னொரு கோப்பையால் மூடிப் பக்கத்தில் வைத்திருந்தார். தாள் இரண்டையும் அவர் மடியில் வைத்து, காபன் முதல் மை வரை எல்லாம் சொன்னேன். விளையாட்டுக்குச் செய்தது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமி என்று அழுதேன்.

மாமி கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார். எழுந்து யன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“உப்பிடிச் சொல்லச் சொல்லி அவன்தானே சொல்லிவிட்டவன்?”

“இல்லை மாமி! சத்தியமா நான்தான்!”

“சரி, சரி. நீதான். அழாதை. நான் ஒருத்தருக்கும் மூச்சுவிட மாட்டன்.” என் கண்ணைத் துடைத்துவிட்டார். “ஒண்டே ஒண்டு மட்டும் சொல்லு. மெலிஞ்சு போனானோ?”

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஓம் மாமி. கொஞ்சம்” என்றேன்.

மாமி மூடியிருந்த கோப்பையைத் திறந்து, அன்றைக்குத்தான் முதல் தடவையாக, ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் வைத்தார். அந்தக் கல்வெட்டு கடைசிவரை அச்சாகவில்லை.

அக்கா என்னோடு படலைவரை வந்தார். ஏசப் போகிறார், ஏசட்டும் என்று நின்றேன். அவர் படலையைத் திறக்காமல் பிடித்துக்கொண்டு, ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பழைய தாள் அவர் கையில்தான் இருந்தது.

“உண்மையாவே நீ அண்ணையைக் காணேல்லையோ?” என்று கேட்டார்.