கண் இல்லாத யானைகள்

எண்பதுகளில் மாரண்டஹள்ளியில் வேலை பார்த்தபோது, பொங்கலுக்கு யானை வடிவில் சர்க்கரை பிஸ்கட் போடும் பேக்கரி மாஸ்டர் ஒருவரைத் தெரியும். குட்டையான மனிதர், புருவத்தில் எப்போதும் மைதா. காட்டிலிருந்து யானைகள் இறங்கி ராகி வயல்களை மேயத் தொடங்கியிருந்த சமயம். ராகியைப் பறிகொடுத்தவர்கள்தான் அந்த பிஸ்கட்டை ஆசையாக வாங்கித் துதிக்கையை முதலில் கடித்தார்கள்.

ஐசிங்கில் தந்தம், நெற்றிப்பட்டம், கால் நகம்கூட வரைவார். கண் மட்டும் வைக்க மாட்டார். ஏனென்று கேட்டேன்.

"கண்ணு வெச்சா வயலுக்கு வழி தெரிஞ்சிடுங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

அந்த வாரமே ஒற்றை யானை ஒன்று வயல்களையெல்லாம் விட்டுவிட்டு, பேக்கரியின் பின்சுவரை இடித்துச் சர்க்கரை மூட்டைகளைக் காலி செய்துவிட்டுப் போனது.

அடுத்த பொங்கலுக்குத் தட்டு நிறைய யானைகள். எல்லாவற்றுக்கும் பெரிய பெரிய கண்.

"என்ன மாஸ்டர், கண்ணு வெச்சுட்டீங்க?"

"போன வருசம் பாவம், கண்ணு தெரியாம இங்க வந்துடுச்சுங்க. வயலு அந்தப் பக்கம் இருக்குது."

இப்போதும் அவர் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற ராகி விவசாயி, தான் வாங்கிய யானைகளின் கண்ணை நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.