கவருக்குள் இருந்த கார்

தென்னூரில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தபோது எங்களிடம் கார் இல்லை. கீழே கார் நிறுத்த ஓர் இடம் மட்டும் கொடுத்திருந்தார்கள். சீக்கிரமே வாங்கிவிடுவோம் என்று நம்பிய என் கணவர், முதலில் காருக்குக் கவர் வாங்கினார். அது வீட்டில் சும்மா கிடப்பானேன் என்று, பழைய சோபாவையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் அந்த இடத்தில் அடுக்கி, மேலே கவரைப் போர்த்தினார். பார்ப்பதற்குக் கார் மாதிரியேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தூசி தட்டுவார். ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினால், "பாலத்துல கூட்டமா இருக்கும். வண்டி வேண்டாம், பஸ்லயே போயிடலாம்" என்பார். நானும் தலையாட்டுவேன்.

ஒருநாள் மாலை எதிர்வீட்டுக்காரர் முகம் வாடி வாசலில் வந்து நின்றார்.

"சார், மன்னிச்சுக்குங்க. ரிவர்ஸ் எடுக்கறப்ப உங்க கார்ல இடிச்சிட்டேன்."

இவர் பதறிப்போய், "எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டார்.

"பின்னாடி. ஏதோ உடைஞ்ச சத்தம் கேட்டுச்சு. கவரைத் தூக்கிப் பாக்க தைரியம் வரலைங்க."

இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். இவரோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க சார். உள்ள ஆள் யாரும் இல்லையே, அது போதும்" என்றார்.

அவர் போனபின் நாங்கள் இருவரும் கீழே போய் கவரை விலக்கினோம். இரண்டு நாற்காலிகளுக்குக் கால் உடைந்திருந்தது. இவர் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லவேளை, இன்னும் வாங்கல. வாங்கியிருந்தா டிக்கி போயிருக்கும்."

எனக்கும் அதைக் கேட்டபோது நிம்மதியாகத்தான் இருந்தது.